பால் பத்தலை என்று சொன்னவர்

தெருவில் அவருக்கு வைத்த பேர் டப்பா அண்ணன். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து என்றால் யார் எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிப் போய்விடுவார்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் என்றால் மட்டும் அவர் முகத்தைத் தேடுவார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தால், "பரவாயில்ல, வரட்டும்" என்று எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் ஒதுங்கி நிற்பார்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதலாளிக்கு அதில் ஒரு சிரிப்பு. "பெத்துக்காமலே இத்தனை பிள்ளைங்களை வளர்க்கிறவன் நீ ஒருத்தன்தான்டா. கடை வாசல்ல ஒரு தொட்டிலையும் கட்டிவிட்டுடு, வியாபாரம் இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார்.

அவர் கேட்கிற கேள்விகளுக்காகவே ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வங்கியில் காவலுக்கு நிற்கிறவர் ஒருநாள் சீருடையோடு ஓடிவந்தார்.

"அண்ணே, பையன் துப்பிக்கிட்டே இருக்கான்."

"குடிச்ச உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"உடனே."

"திரிதிரியா வருதா, தண்ணியா வருதா?"

"அதை எங்க பார்த்தேன்? என் சட்டைல துப்புறான். நான் சட்டையைத்தான் பார்க்கிறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. வயிறு உப்புகிறதா, வெளிக்குப் போவது இறுகலா இளகலா, எந்த டப்பா, எத்தனை கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். நீல டப்பா, பச்சை டப்பா, தங்க மூடி டப்பா. யார் வாயிலும் கம்பெனிப் பேர் நுழையாது. நிறம்தான் பேர். பச்சையை எடுத்துத் துடைத்துக் கவுன்டரில் வைத்தார்.

"இதைக் கொடுத்துப் பாரு. அடுத்த வாரம் வந்து சொல்லு."

வந்து சொன்னார்கள். "செட் ஆயிடுச்சு அண்ணே." அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கு முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது. ஒரே டப்பாவை மறுபடி மறுபடி வாங்க வருகிறார்களா, அந்தப் பால் அந்தக் குழந்தைக்கு ஒத்துப்போய்விட்டது. இதுதான் அவர் கணக்கு. புத்தகத்தில் இருந்து எடுத்ததில்லை, கவுன்டரில் நின்று நின்று தானாக ஊறியது. திரும்பி வராதவர்களைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

புத்தகம் படிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கைநாட்டு வைக்கிற அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்து, மருந்தியல் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தக் குடும்பத்தில் ஒருவர் தொப்பியும் அங்கியும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தப் படத்தை அம்மா தன் முந்தானையால் துடைக்காத நாள் கிடையாது. பட்டம் வந்ததிலிருந்து வீட்டில் பல்வலி முதல் பத்திரப்பதிவு வரை எல்லாவற்றுக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அப்பா போனார், பின்னாலேயே அம்மாவும் போனார். தீர்ப்பு கேட்க மிஞ்சியது தங்கச்சி ஒருத்திதான்.

தங்கச்சி பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். கீழே ஒரு தையல் கடை. மெஷின் ஓடினால் மேலே தட்டுகள் லேசாக அதிரும். அவள் புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு, இருக்கிற நாளிலும் பாதி தூக்கம். கல்யாணமாகி வெகுகாலம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. உண்டாகும், கலையும். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போதெல்லாம் ஆட்டோவில் அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

கடைசியில் ஒன்று தங்கியது. வயிறு தெரிய ஆரம்பித்த சமயம், கடைக்கு மாத்திரை வாங்க வந்தவள் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, இப்பவே சொல்லிடறேன். உன் டப்பா ஒண்ணும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. என் பிள்ளைக்கு நான்தான் பால் கொடுப்பேன். இவ்வளவு நாள் காத்திருந்தது அதுக்கும் சேர்த்துத்தான்."

"யாரு உனக்குத் தர்றேன்னு சொன்னது? தங்கச்சிக்கு விக்கிற அளவுக்கு எனக்கு வியாபாரம் படுத்துடலை."

முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்: "கேட்டுக்கோடா! வீட்டு ஆளே உன் சரக்கை நம்பலை!"

மூவரும் சிரித்தார்கள்.

பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்து, பால் நன்றாகவே ஊறியது. துவைக்கிற துணியைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். வெளித் தாழ்வாரத்துக் கொடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள், காய்வதற்குள் அடுத்த வாளி தயார். பிள்ளை கன்னம் வைத்தது. அண்ணன் கடைக்குப் போகும் வழியில் ஒருமுறை, சாப்பிட வரும்போது ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு சாயங்கால அழுகை ஆரம்பித்தது.

அன்றைக்கு அண்ணனுக்கு வார விடுமுறை. மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. தங்கச்சி தலையைக் கூட வாராமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"பகல் முழுக்கத் தங்கமா இருக்கா அண்ணா. பொழுது சாஞ்சா போதும், என்னதான் ஆகுமோ. இப்பத்தான் குடிச்சா, கீழே போட்டேன், மறுபடி வாயைத் தேடுறா. வாங்கறா, விடறா, கத்தறா. நேத்தும் இப்படித்தான். எனக்கு ஒண்ணும் புரியலை."

கடையாக இருந்தால் அண்ணன் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். நன்றாகப் பிடித்துக் குடிக்கிறாளா, குடித்ததும் உனக்கு லேசாகிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, துணி எத்தனை நனைகிறது என்று. முகம் தெரியாத பெண்களிடம் கண்ணைத் தாழ்த்தாமல் கேட்கிற கேள்விகள்தான் எல்லாம். தன்கூடப் பிறந்தவளிடம் கேட்க நாக்கு எழவில்லை. அவளும் அண்ணன் வந்ததும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதி திரும்பித்தான் நின்றாள். அந்தப் பேச்சில் இருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. பார்வையைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"பால் பத்தலைம்மா."

அவள் நடையை நிறுத்தினாள். "பத்தலையா?"

"பசி அழுகை இது. எத்தனை பார்த்திருக்கேன்."

"துணியெல்லாம் நல்லா நனையுதேண்ணா..."

"அது ஆகும். வயிறு நிறையணும்ல?"

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள், ஏதோ அது அவளை ஏமாற்றிவிட்டது போல. அந்தப் பார்வையை அண்ணன் கண்டார். கண்டும், அவர் கால் கடைக்கு ஓடியதே தவிர நின்று யோசிக்கவில்லை.

நீல டப்பா படி ஏறியது. அண்ணனே தண்ணீர் கொதிக்க வைத்தார், அண்ணனே கரண்டி அளந்தார், பாட்டிலை மணிக்கட்டில் சொட்டிச் சூடு பார்த்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு அப்படியே தூங்கிப்போனது. அசையாத தூக்கம். தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், இத்தனை நாள் பட்டினி போட்டிருக்கேன்" என்றாள்.

"பார்த்தியா, செட் ஆயிடுச்சு" என்றார் அண்ணன். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

சாயங்காலம் ஒரு பாட்டில் என்று ஆரம்பித்தது. படுக்கும்போது ஒன்று சேர்ந்தது. விடியலுக்கு ஒன்று. புட்டி குடித்தால் தூங்குகிறாள், மார்பில் போட்டால் அழுகிறாள் என்றானபின் எந்தத் தாய்தான் பிள்ளையை அழவிடுவாள்? நடுவில் வயிறு இறுகிப் பிள்ளை முக்கியது. அண்ணன் நீலத்தை மாற்றிப் பச்சை கொண்டுவந்தார். பச்சையில் துப்பியது. தங்க மூடி வந்தது. அதிலும் ஒரு சாயங்காலம் அழுதது. வயிற்றில் காற்று சேராதது என்று இன்னொன்று வந்தது. கடையில் ஒரு பொருள் சரியில்லை என்று யாராவது முகம் சுளித்தால் வேறொன்றை எடுத்து நீட்டுவதுதானே வழக்கம்? கைப்பழக்கம் அது. அழுத பிள்ளையையும் அவர் திரும்பி வந்த வாடிக்கையாளராகத்தான் பார்த்தார். அடுப்பு மேடைக்கு மேலிருந்த பலகையில் பாதிப் பாதி டப்பாக்கள் வரிசை கட்டின. கீழே தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே மூடிகள் மெல்லக் கிணுகிணுத்தன.

ஒருநாள் தங்கச்சி கேட்டாள். பிள்ளைக்குப் பாட்டில் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்.

"அண்ணா, பவுடர் கொடுத்தா தாய்ப்பால் குறைஞ்சிடுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

"முன்ன மாதிரி பால் கட்டலை. அதான் கேட்டேன்."

"நீ சரியா சாப்பிடறதில்லை" என்றார்.

படிக்கிற காலத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் அது வந்திருக்கத்தான் செய்யும். தேர்வில் கேட்காத பக்கம். அவர் தினமும் துடைத்து அடுக்குகிற ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் தாய்ப்பாலைப் பற்றிப் பொடி எழுத்தில் இரண்டு வரி உண்டு. டப்பாவின் முகத்தைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைக்கிறவருக்கு முதுகு எங்கே கண்ணில் படும்?

தடுப்பூசிக்காகக் குழந்தைகள் கிளினிக்குக்குப் போனபோது அண்ணனும் கூடப் போனார். மாப்பிள்ளை பேருந்து ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். எந்தப் பால் என்று கேட்டால் காட்டலாம் என்று பாதி டப்பாக்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார் அண்ணன். எடை பார்க்கிற நர்ஸ் பையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"என்ன சார், இங்க கடை போடப் போறீங்களா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவைத்தார்.

பிள்ளையின் எடை சரியாகவே இருந்தது. "குழந்தை நல்லா இருக்கா, கவலைப்பட ஒண்ணும் இல்ல" என்ற நர்ஸ், துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "தாய்ப்பால் கொடுக்கறீங்களா?"

"வாங்க மாட்டேங்கறா சிஸ்டர். வச்சாலே முதுகை வளைச்சுக்கிட்டுக் கத்தறா. பாலும் இல்ல இப்ப."

"முதல்ல இருந்ததா?"

"இருந்தது. துணி மாத்தி மாளலை. ஆனா சாயங்காலம் ஆனா ஒரே அழுகை. பத்தலைன்னு பவுடர் ஆரம்பிச்சோம்."

நர்ஸ் கையை நிறுத்தினார். "பச்சைக் குழந்தைங்க சாயங்காலம் அப்படித்தாம்மா. விட்டு விட்டுக் குடிக்கும், அழும், மறுபடி கேட்கும். அது கேட்கக் கேட்கத்தான் உங்களுக்கு ஊறும். வயிறு முட்டப் பவுடரைக் குடிச்சுட்டுத் தூங்கிட்டா கேட்க ஆள் இல்லை, உடம்பும் வேண்டாம் போலன்னு நிறுத்திக்கும். துணி நல்லா நனைஞ்சது, எடையும் ஏறினது. அப்புறம் பத்தலைன்னு யாரு சொன்னது?"

அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பையின் காது விரலை அறுத்தது. தங்கச்சி இப்போது திரும்பித் தன்னைப் பார்ப்பாள் என்று நினைத்தார். அவள் திரும்பவில்லை.

"நாங்களா நினைச்சுக்கிட்டோம் சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் திட்டவில்லை. டப்பாப் பாலில் வளர்கிற பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்றார். பிறந்த குழந்தைக்கென்று வருகிற சாதாரண முதல் நிலைப் பவுடர் ஏதாவது ஒன்று போதும், விலை கூடியது உசத்தி இல்லை, அழுகிற போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், வேறு வகை வேண்டுமென்றால் அதை டாக்டர் சொல்லட்டும் என்றார். "விருப்பம் இருந்தா ஒவ்வொரு தடவையும் முதல்ல மார்ல போட்டுப் பாருங்க. திரும்பி வரலாம். முழுசா வராமலும் போகலாம். அதுக்காக உடம்பை வருத்திக்காதீங்க."

திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளை மட்டும் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தது.

மறுநாள் கடையில் நிற்கும்போது வங்கிக் காவலர் வந்து, "வழக்கமா வாங்கற பச்சை, அண்ணே" என்று கேட்டார். எடுக்கப் போன அண்ணனின் கை அலமாரியிலேயே நின்றுவிட்டது. இத்தனை காலம் திரும்பித் திரும்பி வந்தவர்களை எல்லாம், பவுடர் ஒத்துக்கொண்டதால் வந்தார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்? வீட்டில் பால் வற்றிப்போய், வேறு வழி இல்லாமல் வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், உடம்புக்கு முடியாதவர்கள் இருப்பார்கள், டப்பாதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு அழுகைக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் இருந்தார்களே. அவர்களிடம் பிள்ளையைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டார். தாய் தூங்கினாளா, பயந்துபோய் இருக்கிறாளா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணே, ஸ்டாக் இல்லையா?" என்றார் காவலர்.

"இருக்கு, இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன சொல்வது? அந்தப் பையனுக்கு இனி அதுதான் சாப்பாடு.

செய்ததைச் சரிக்கட்ட அண்ணன் படாத பாடு பட்டார். தாய்க்குப் பால் ஊறுவதற்கென்று விற்கிற சத்துமாவு ஒன்று கொண்டுபோனார். அடுத்து ஒரு மாத்திரை டப்பா. அடுத்து பால் உறிஞ்சி எடுக்கிற கருவி, அதுவும் அட்டைப் பெட்டியோடு. தங்கச்சி ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னதை எல்லாம் செய்தாள். பிள்ளையை ஒவ்வொரு தடவையும் மார்பில் போட்டுப் பார்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டியைத் தேடியது. கருவியில் அடி நனைகிற அளவு வந்தது. அதையும் வீணாக்காமல் கரண்டியில் ஊற்றிப் புகட்டினாள்.

ஒரு மத்தியானம் அவர் பால் ஊறுவதற்கான டானிக் புட்டி ஒன்றோடு படி ஏறினார். ஏதோ புதுக் கம்பெனி, ஏஜென்ட் நல்லா இருக்குன்னு சொன்னான் என்று ஆரம்பித்தார். தங்கச்சி அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"அண்ணா, கடையில இருக்கறதைத் தவிர உனக்கு வேற ஒண்ணுமே கொடுக்கத் தெரியாதா?"

அவர் புட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அன்னைக்கு நான் கேட்டது பவுடர் இல்லைண்ணா. அம்மா இருந்திருந்தா, அழட்டும்டி, கொஞ்ச நேரம் நான் தூக்கிக்கறேன், நீ படுன்னு சொல்லியிருப்பா. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது."

"தெரியாமப் போச்சும்மா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியாதே" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த முயற்சி நின்றது. நிறுத்திவிட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கருவி அட்டைப் பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது, அவ்வளவுதான். பலகையில் இருந்த பாதி டப்பாக்களும் காணோம். பிள்ளை என்னவோ கொழுகொழு என்று வளர்ந்து, ஆள் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அண்ணன் போனபோது மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார். அடுப்பு மேடையில் ஒரே ஒரு நீல டப்பா, புதிது. பக்கத்தில் அது வந்த பை. கடைவீதியில், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிற வேறொரு மருந்துக்கடையின் பேர் அதில் இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டதை மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்.

"வண்டியை விட்டுட்டு வர்ற வழியில அந்தக் கடை கண்ணுல பட்டுது மச்சான். அதான், ஒரேயடியா வாங்கிட்டு..."

"எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்றாள் தங்கச்சி. "நான்தான் அங்க போய் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு, "வெளிய ஒரு வேலை இருக்கு" என்று கீழே இறங்கிப்போனார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "என் மேல இன்னும் கோபமா?"

"கோபம் எல்லாம் இல்லைண்ணா. உன் கடைக்கு வந்தா நீ ஏதாவது சொல்லுவ. நீ சொன்னா நான் கேட்டுடுவேன். சின்ன வயசுல இருந்து அப்படியே பழகிட்டேன். அதான் பயமா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். பிள்ளை சிணுங்கியது. அவள் அதைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். தண்ணீர் அளந்தாள், டப்பாவைத் திறந்தாள். முதல் கரண்டி குவியலாக வந்தது. அண்ணனின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். அவளே கத்தியின் முதுகால் தட்டையாக வழித்துவிட்டுப் பாட்டிலில் போட்டாள். அடுத்ததையும் அப்படியே வழித்துப் போட்டாள். குலுக்கி, மணிக்கட்டில் சொட்டிப் பார்த்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் ரவிக்கை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பற?"

"இல்லம்மா, கடையில..."

"இன்னைக்கு லீவு உனக்கு. உட்காரு. ஒண்ணும் சொல்லாம சும்மா உட்காரு."

உட்கார்ந்தார்.